ஸ்கார்பரோ: குடியேறியவர்கள் தங்கிப்போன புறநகர்

டொராண்டோ மாநகரின் கிழக்குக் கோடியில், ஒன்டாரியோ ஏரிக்கரையிலிருந்து வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூ வரை விரிந்து கிடக்கிறது ஸ்கார்பரோ. மேற்கே விக்டோரியா பார்க் அவென்யூ, கிழக்கே ரூஜ் ஆற்றை ஒட்டிய காடு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கே சுமார் 6.3 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். 1983 முதல் 1997 முடிய இது தனி நகரமாக, தனி மேயரோடு இருந்தது. அதன்பின் டொராண்டோவோடு இணைக்கப்பட்டது. மாநகரை ‘ரொறன்ரோ’ என்று எழுதும் ஈழத்தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் மிக அதிகமாகக் கண்ணில் படும் முகவரி ஸ்கார்பரோதான். இந்த ஊரை அப்படி யாரும் திட்டமிடவில்லை. வேறொரு வகை மக்களுக்காகக் கட்டப்பட்ட புறநகர் இது. அவர்கள் விட்டுச்சென்ற மலிவான இடங்களில் மற்றவர்கள் வந்து தங்கியதுதான் இதன் கடந்த அரை நூற்றாண்டு வரலாறு.

பெயர் ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளிலிருந்து வந்தது. பாறை என்று சொன்னாலும் அவை கல் அல்ல. பனியுகத்தில் படிந்த களிமண்ணும் மணலும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 90 மீட்டர் உயரம். 1793-இல் மேல் கனடாவின் துணைநிலை ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோவின் மனைவி எலிசபெத், படகிலிருந்து இவற்றைப் பார்த்தார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இருக்கும் ஸ்கார்பரோவின் கடற்கரை நினைவுக்கு வர, அந்தப் பெயரை இதற்கு வைத்தார். அதற்கு முன் நில அளவைத் தாள்களில் இந்தப் பகுதிக்குக் கிளாஸ்கோ என்று பெயர். இரண்டுமே கடல் கடந்து வந்த பெயர்கள்.

அவற்றுக்கு முன் இருந்த குடிகளின் தடயம் மண்ணுக்கடியில் கிடந்தது. ரூஜ் ஆற்றின் முகத்துவாரத்தில் 17-ஆம் நூற்றாண்டில் செனெகா மக்களின் கானட்சேக்வாகோன் என்ற ஊர் இருந்தது. இன்னும் பழைய சான்று 1956-இல் வெளிப்பட்டது. புதிய குடியிருப்புக்காக லாரன்ஸ் அவென்யூவுக்கு வடக்கே ஒரு மேட்டை இயந்திரம் தோண்டியபோது மனித எலும்புகள் குவியலாக வந்தன. வெண்டாட் மக்கள் தங்கள் இறந்தோரை ஒன்றாகச் சேர்த்து அடக்கம் செய்த இடம் அது. 500-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அங்கே இருந்தன. வேலை நிறுத்தப்பட்டது. எலும்புகள் உரிய சடங்குகளோடு அதே மேட்டில் மீண்டும் புதைக்கப்பட்டன. டேபர் ஹில் என்ற அந்த மேடு இன்று நான்கு புறமும் வீடுகள் சூழ, புல் வளர்ந்த சிறு பூங்காவாக நிற்கிறது. ஒரு புறநகரின் நடுவே இப்படியொரு கல்லறை கிடைத்தது ஸ்கார்பரோ எவ்வளவு வேகமாக, எதன்மேல் கட்டப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

ஐரோப்பியக் குடியேற்றம் 1790-களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த கல்தச்சரான டேவிட் தாம்சனும் அவர் மனைவி மேரியும் முதல் குடும்பங்களில் ஒன்று. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் ஸ்கார்பரோ பண்ணை ஊராகவே இருந்தது. 1850-இல் ஊராட்சி அமைப்பு வந்தது. தேவாலயம், ஒரு சில ஆலைகள், தபால் நிலையத்தைச் சுற்றி முளைத்த சிற்றூர்கள் தவிர வேறொன்றும் பெரிதாக எழவில்லை. ஆனால் அந்தக் காலம் விட்டுப்போன ஒன்று இன்றைய ஊரை ஆள்கிறது. நில அளவையாளர்கள் பண்ணைகளைப் பிரிக்க ஒன்றேகால் மைலுக்கு, அதாவது 2 கிலோமீட்டருக்கு, ஒரு சாலை வீதம் நேர்கோடுகள் போட்டார்கள். எக்ளின்டன், லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச் என்று இன்று சொல்லப்படும் அகன்ற சாலைகள் எல்லாம் அந்தக் கோடுகளே. பேருந்துகள் அவற்றில் ஓடுகின்றன. கடைகள் அவற்றின் சந்திப்புகளில் இருக்கின்றன. பால் வண்டிக்காகப் போட்ட பாதையில் வேலைக்குப் போகிறவர்கள் இன்று 54-ஆம் எண் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள்.

பண்ணை ஊரைத் தொழில் ஊராக மாற்றியது இரண்டாம் உலகப் போர். 1941-இல் எக்ளின்டன் சாலையோரப் பண்ணைகளைக் கையகப்படுத்தி, ஜெகோ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை கட்டப்பட்டது. குண்டுகளின் வெடிதிரிகளில் மருந்து நிரப்புவதுதான் வேலை. 170-க்கும் மேற்பட்ட கட்டடங்கள், அவற்றை இணைக்கும் சுரங்கப்பாதைகள். போர் முடிவதற்குள் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். உள்ளே நுழையும்போது வீட்டு உடையைக் களைந்து தொழிற்சாலை உடை அணிய வேண்டும். கொண்டை ஊசி உட்பட எந்த உலோகமும் உடம்பில் இருக்கக்கூடாது. ஒரு பொறி போதும்.

போர் முடிந்ததும் டொராண்டோவில் வீட்டுப் பஞ்சம் வந்தது. படையிலிருந்து திரும்பியவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் இடமில்லை. ஜெகோவின் கட்டடங்களைத் தடுப்புச் சுவர் வைத்துப் பிரித்து அவசரக் குடியிருப்பாக்கினார்கள். 1950-களின் முற்பாதி வரை குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. ஒன்றுக்காகக் கட்டியதில் வேறொன்றாக வாழ்வது என்ற ஸ்கார்பரோவின் வழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஊராட்சி அந்தத் தொழிற்சாலை நிலத்தை மத்திய அரசிடமிருந்து வாங்கி நிறுவனங்களுக்கு விற்றது. ஆலைகள் வரி கட்டினால் வீடுகளுக்குச் சாலையும் பள்ளியும் கட்டலாம் என்பது கணக்கு. அந்த எக்ளின்டன் பகுதிக்குக் கோல்டன் மைல், தங்க மைல், என்று பெயர் வந்தது. 1954-இல் திறக்கப்பட்ட கோல்டன் மைல் பிளாசாவுக்கு 1959-இல் எலிசபெத் அரசியே வந்து போனார். ஒரு வாகன நிறுத்தமும் அதைச் சுற்றிய கடை வரிசையும் அரசி பார்க்கத்தக்க புதுமையாக இருந்த காலம் அது.

அதே 1954-இல் டொராண்டோவும் சுற்றியிருந்த 12 உள்ளாட்சிகளும் மெட்ரோபாலிட்டன் டொராண்டோ என்ற கூட்டாட்சிக்குள் வந்தன. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கூட்டாகப் பணம் கிடைத்ததும் வீடுகள் வயல்களை வேகமாக விழுங்கின. 1951-இல் சுமார் 56 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1961-இல் 2.17 லட்சமானது, 1971-இல் 3.3 லட்சத்தைத் தாண்டியது. கட்டப்பட்டவை பெரும்பாலும் பங்களோ என்ற வகை வீடுகள். தமிழில் பங்களா என்றால் ஜமீன்தார் வீடு மனதில் தோன்றும். ஸ்கார்பரோவின் பங்களோ அதற்கு நேர்மாறு: ஒரே தளம், மூன்று சிறிய படுக்கையறை, முன்னால் ஒரு கார் நிற்கும் இடம், கீழே வீட்டின் முழு அகலத்துக்கும் ஒரு நிலவறை. வாங்கியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழிவந்த தொழிலாளர் குடும்பங்கள். அந்த நிலவறை பின்னாளில் யாருக்குப் பயன்படும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பங்களோக்களை விடவும் வியப்பானவை அகன்ற சாலைகளை ஒட்டி 1960-களிலும் 70-களிலும் எழுந்த கான்கிரீட் அடுக்குமாடிகள். வட அமெரிக்கப் புறநகர்களில் இவ்வளவு உயரக் கட்டடங்கள் இருப்பது அரிது. தனி வீடுகள் மட்டும் இருந்தால் பேருந்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் ஆகும் செலவு கட்டாது என்று மெட்ரோவின் திட்டமிடுவோர் நம்பினார்கள். ஆகவே அடர்த்தியும் கலக்க வேண்டும் என்றார்கள். டொராண்டோ முழுவதும் இந்தத் தலைமுறைக் கட்டடங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவை கார் வைத்திருக்கும் இளம் தம்பதிகளுக்காகக் கட்டப்பட்டவை: விசாலமான அறைகள், நீண்ட பால்கனி, சுற்றிலும் புல்வெளி. அந்தத் தம்பதிகள் குழந்தை பிறந்ததும் தனி வீடு தேடிப் போனார்கள். கட்டடங்கள் பழசாயின, வாடகை மற்ற இடங்களைப்போல் ஏறவில்லை. இரண்டு, மூன்று படுக்கையறைகள் மட்டும் அப்படியே இருந்தன. பெரிய குடும்பத்தோடு, சிறிய வருமானத்தோடு வருகிறவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

யார் வரலாம் என்பதைச் சட்டம் மாற்றியது. நெடுங்காலம் கனடாவின் குடிவரவு இனப் பாகுபாட்டோடு நடந்தது. 1955-இல் தொடங்கிய வீட்டுப் பணிப்பெண் திட்டத்தின்கீழ் ஜமைக்காவிலிருந்தும் பார்படாஸிலிருந்தும் சிறு எண்ணிக்கையில் மணமாகாத இளம்பெண்கள் அனுமதிக்கப்பட்டார்கள். அதுவே அன்று பெரிய திறப்பு. 1962-இல் பாகுபாட்டு விதிகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. 1967-இல் கல்வி, தொழில், மொழி ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரும் முறை வந்தது. 1971-இல் பல்பண்பாட்டுக் கொள்கை அறிவிக்கப்பட்டது. கரீபியன் தீவுகள், ஹாங்காங், இந்தியா, பிலிப்பைன்ஸ், கயானா என்று திசைகள் விரிந்தன. முதலில் டொராண்டோவின் நடுப்பகுதியில் தங்கியவர்கள், அங்கே வீடுகள் விலையேறத் தொடங்கியதும் கிழக்கே நகர்ந்தார்கள். வடகிழக்கில் அரசு 1950-களிலேயே வாங்கி வைத்திருந்த பண்ணை நிலத்தில் 1970-களில் எழுந்த மால்வெர்ன், முதல் வீடு வாங்கும் கரீபியக் குடும்பங்களின் இடமாயிற்று.

எதிர்ப்பும் இருந்தது. ஏஜின்கோர்ட் பகுதியில் 1984-இல், முன்பு ஸ்கேட்டிங் அரங்காக இருந்த கட்டடத்தில் டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்தது. கூரைக்குள் அமைந்த சீன மால்களில் அது முன்னோடி. ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தான ஆண்டும் அதுவே. அங்கிருந்து குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. வார இறுதியில் பக்கத்துத் தெருக்களில் கார்கள் நின்றன. அக்கம்பக்கத்தார் வாகன நிறுத்தத்தைப் பற்றிக் கூட்டம் கூட்டினார்கள், நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். பேச்சு கார்களோடு நிற்கவில்லை. சீனர்களுக்கு எதிரான துண்டுப்பிரசுரங்கள் வீட்டு வாசல்களில் கிடந்தன. இதை வாகன நிறுத்தப் பிரச்சினை என்று மட்டும் எழுதுவது உண்மைக்கு நியாயம் செய்வதாகாது. ஆனாலும் கடைகள் மூடப்படவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் ஏஜின்கோர்ட்டின் சாலையோரம் முழுவதும் அவை பரவின.

தமிழர்கள் வந்தது வேறு வழியில். 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் இலங்கைத் தமிழர்களுக்காகக் கனடா குடிவரவு விதிகளைத் தளர்த்தியது. 1985-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அகதி விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் நேரில் தன் கதையைச் சொல்லும் உரிமை உடையவர் என்று தீர்ப்பளித்தது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காக்கும் படகுகளில் மிதந்த 150-க்கும் மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தார்கள். டொராண்டோவுக்கு வந்தவர்கள் முதலில் நடு நகரத்தின் செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில், ஒரு வீட்டில் பலராக, ‘பெடியள்’ (இளைஞர்கள்) கூட்டமாகத் தங்கினார்கள். இரவில் உணவகங்களில் பாத்திரம் கழுவும் வேலை, பகலில் ஆங்கில வகுப்பு. மனைவியும் பிள்ளைகளும், பிறகு பெற்றோரும் வந்து சேரச் சேர, 1980-களின் இறுதியிலிருந்து அவர்கள் ஸ்கார்பரோவுக்கு நகர்ந்தார்கள். எக்ளின்டன், கென்னடி, மார்க்கம் சாலைகளின் அடுக்குமாடிகளில் ஒரு குடும்பம் புகுந்தால், அடுத்த ஆண்டு அதே கட்டடத்தில் அதே ஊர்க்காரர் இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள்.

அடுத்த படி நிலவறை. வாடகைக்கு இருந்தவர் வேலையும் சீட்டுப் பணமும் சேர்ந்ததும் பழைய பங்களோ ஒன்றை வாங்குவார். கடனை அடைக்க நிலவறையை வாடகைக்கு விடுவார். புதிதாக வந்த உறவினரோ ஊர்க்காரரோ அங்கே குடியேறுவார். பக்கவாட்டுக் கதவு, செங்குத்தான சில படிகள், தாழ்ந்த கூரை. ஒரு மூலையில் உலையும் வெந்நீர்த் தொட்டியும், இன்னொரு மூலையில் மேல் வீட்டோடு பொதுவான துணி துவைக்கும் இயந்திரம். ஜன்னல் தலைக்கு மேலே, தரை மட்டத்தில். பனி கொட்டிய காலையில் அதுவும் மூடிக்கொள்ளும். மேலே யார் நடந்தாலும் கேட்கும். இப்படிப்பட்ட வீடுகள் நெடுங்காலம் சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தன. 1994-இல் மாகாண அரசு அவற்றை அனுமதித்தது. அடுத்து வந்த அரசு அந்த உரிமையை மீண்டும் உள்ளாட்சிகளிடம் விட்டது. சட்டம் முன்னும் பின்னும் ஆடியபோதும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கேதான் கனடாவில் தங்கள் முதல் குளிர்காலத்தைக் கழித்தன. ஸ்கார்பரோவின் வரலாற்றில் எந்த அரசுத் திட்டத்துக்கும் குறையாத இடம் அந்த நிலவறைகளுக்கு உண்டு.

வாழ்க்கை வெளியே தெரிந்த இடம் பிளாசா. சாலைச் சந்திப்பில் ஒரு வாகன நிறுத்தம், அதைச் சுற்றி ஒற்றை மாடிக் கடைகள். 1960-களில் அங்கே மளிகையும் முடிதிருத்தகமும் வங்கியும் இருந்தன. பெரிய மால்கள் வந்ததும் வாடிக்கையாளர் அங்கே போக, பிளாசாக்களின் வாடகை இறங்கியது. சிறு முதல் போட்டவர்கள் புகுந்தார்கள். இன்று ஒரே பிளாசாவில் தமிழ் நகைக்கடை, ஜமைக்காவின் ‘பேட்டி’ பலகாரக் கடை, பிலிப்பினோ பேக்கரி, ஆப்கானிய ரொட்டி அடுப்பு, குடிவரவு வழக்கறிஞர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி எல்லாம் தோளுரசி நிற்கும். பெயர்ப்பலகைகள் ஒரு கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து வகை எழுத்துகளில் தொங்கும். லாரன்ஸ் அவென்யூவின் வெக்ஸ்ஃபோர்டில் அரபு மளிகைகளும் கிரேக்கக் குடும்பம் நடத்தும் பழைய உணவகமும் அப்படிப் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

தமிழ் டேக்-அவுட் கடையை இந்தப் பிளாசாக்கள்தான் உருவாக்கின. உட்கார்ந்து சாப்பிட இடம் தேவையில்லை. கண்ணாடிப் பெட்டியும் பின்னால் சமையலறையும் போதும். பெட்டிக்குள் மட்டன் ரோல்ஸ், மீன் பட்டிஸ், கடலை வடை. இடியப்பம் எண்ணிக்கைக் கணக்கில். சம்பலும் சொதியும் கூடவே கட்டித் தருவார்கள். உள்ளே தகட்டில் இரண்டு இரும்புகள் கொத்து ரொட்டியை வெட்டும் தாளம் வாகன நிறுத்தம் வரை கேட்கும். இரட்டை வேலை செய்த குடும்பங்களுக்கு வீட்டுச் சமையலின் இடத்தை இந்தக் கடைகள் நிரப்பின. மாலையில் வேலை முடிந்து வரும் தொழிற்சாலைப் பெண்கள் வரிசையில் நிற்பது அங்கே வாடிக்கை.

வழிபாட்டுக்கும் மிச்ச இடமே கிடைத்தது. குடியிருப்புத் தெருக்களில் கோயில் கட்ட அனுமதி கடினம்; தொழிற்பேட்டைகளில் கிடங்குகள் காலியாக இருந்தன. பிர்ச்மவுண்ட் சாலையின் கந்தசுவாமி கோயில் உட்பட, பல கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஆலைகளின் அயலிலேயே அமைந்தன. சரக்கு லாரிகள் திரும்பும் தெருவில் கோடையில் தேர் இழுக்கப்படுகிறது. அந்த ஆலைகளும் நிலைக்கவில்லை. 1974-இலிருந்து கோல்டன் மைலில் வேன்கள் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1993-இல் மூடியதும், தொழில் ஊர் என்ற பழைய அடையாளம் பெரும்பாலும் கரைந்தது.

ஸ்கார்பரோ தனக்கென ஒரு மையத்தைக் கட்ட முயன்றதும் உண்டு. 1973-இல் நகர மன்றக் கட்டடமும் அதன் பக்கத்தில் டவுன் சென்டர் மாலும் திறந்தன. நகர மன்றத்தை வடிவமைத்தவர் ரேமண்ட் மோரியாமா. ஜப்பானிய வழிவந்த கனடியர் என்பதற்காகவே போரின்போது சிறுவயதில் முகாமில் அடைத்து வைக்கப்பட்டவர் அவர். நடுவே வானொளி பாயும் அந்த வெண்ணிறக் கட்டடத்தின் அலுவலகத் தளங்கள் எல்லாம் பொதுமக்கள் நிற்கும் முற்றத்தைப் பார்த்தே திறந்திருக்கின்றன. 1985-இல் அங்கே ஆர்.டி. என்ற இலகு ரயில் வந்தது. ஆனாலும் நடு நகரத்தார் இந்த ஊரை ‘ஸ்கார்பீரியா’ என்று, சைபீரியாவோடு சேர்த்து, எள்ளிப் பேசுவது நிற்கவில்லை. மெட்ரோபாலிட்டன் டொராண்டோவில் அப்போது இருந்த ஆறு உள்ளாட்சிகளையும் ஒன்றாக்கும் திட்டம் பற்றி 1997-இல் நடந்த வாக்கெடுப்பில் ஸ்கார்பரோ மக்களும் வேண்டாம் என்றார்கள். அது கணக்கில் கொள்ளப்படவில்லை. 1998 ஜனவரி 1 அன்று ஸ்கார்பரோ நகரம் இல்லாமல் போனது. பெயரை மட்டும் யாரும் விடவில்லை.

அரசியலில் குடியேறியவர்களின் குரல் மெல்லவே ஏறியது. 2011-இல் ஸ்கார்பரோ-ரூஜ் ரிவர் தொகுதியிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கனடாவின் முதல் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்கத் தேவையான 30 லட்சம் டாலர் 2021-இல் நிறைவடைந்தது; உலகம் முழுவதிலுமிருந்து தமிழர்கள் கொடுத்த பணம் அது. டேவிட் சாரியாண்டியின் ‘பிரதர்’, கேத்தரின் ஹெர்னாண்டஸின் ‘ஸ்கார்பரோ’ ஆகிய இரு நாவல்களும் 2017-இல் வெளிவந்தன. அடுக்குமாடிகளிலும் பிளாசாக்களிலும் வளர்ந்த பிள்ளைகள் அவற்றில் முதன்மைப் பாத்திரங்களாயினர்.

2023 ஜூலையில் ஆர்.டி. ரயிலின் ஒரு பெட்டி தடம்புரண்டது. சேவை நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கவில்லை. புதிய சுரங்க ரயில் வரும்வரை பேருந்துகள்தான். கோல்டன் மைலில் பிளாசாக்களை இடித்துவிட்டு உயரக் கட்டடங்கள் கட்டும் திட்டத்துக்கு நகர மன்றம் அனுமதி தந்திருக்கிறது. அந்தக் கடைக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். இடம் காலி செய்தபின் புதிய கட்டடத்தின் வாடகையைக் கொடுத்துத் திரும்பி வர அவர்களால் முடியாது என்பதே அங்கே பெரிய கவலை.

குடும்பங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே வடக்கே மார்க்கத்துக்கும், கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸுக்கும் பெரிய வீடு வாங்கிப் போய்விட்டன. அவர்கள் விட்டுப்போன நிலவறைகளில் இன்று பஞ்சாபிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் ஏஜாக்ஸிலிருந்து கார்கள் திரும்பி வருகின்றன. கோயில், அதன்பின் பாட்டி இன்னும் குடியிருக்கும் எட்டாவது மாடி வீடு, அதன்பின் பழைய பிளாசாவில் ஐம்பது இடியப்பமும் ஒரு டப்பா சம்பலும்.